வால் முளைத்த பள்ளி

புது டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கரும்பலகையில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டாள். மதிய மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வால் முளைத்துவிட்டது. ‘இது நம் பள்ளி’ என்று எழுத வேண்டியவள் ‘இது நம் பல்லி’ என்று எழுதிவிட்டாள். பெரிய ள போட வேண்டிய இடத்தில் சின்ன ல. தெரியாதவள் இல்லை. லகரத்துக்கு நாக்கு எங்கே தொடும், ளகரத்துக்கு எங்கே மடங்கும் என்று பயிற்சிக் கல்லூரியில் படம் வரைந்து முதல் பரிசு வாங்கியவள். ஆனால் ஒன்றாம் வகுப்பு முழுவதும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அதில் பாதி அம்மா வேண்டும் என்று அழுது, ஒருவன் ஜன்னல் கம்பியில் ஏறி, ஒருத்தி பென்சிலைத் தின்றுகொண்டிருக்கும்போது, பரிசு வாங்கிய கை எது எளிதோ அதை எழுதிவிட்டுப் போனது. அவள் கவனித்துத் திருத்துவதற்குள், அழுத பிள்ளைகள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதைச் சிலேட்டில் பார்த்து எழுதி முடித்திருந்தன. பலகையில் இருந்ததை அழித்துவிட்டாள். பிள்ளைகள் மண்டைக்குள் போனதை அழிக்க டஸ்டர் கிடையாது.

வால் பின்சுவரில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வந்திருந்தது. சுவருக்கு அடித்த அதே மங்கிய மஞ்சள் நிறம். மதியம் முழ நீளம், சாயங்காலம் விளையாட்டுத் திடலில் பாதி. தொட்டால் வெயிலில் காய்ந்த சிமெண்ட் மாதிரி வெதுவெதுப்பு. முதலில் பார்த்தவர் பியூன். அவர் தலைமையாசிரியையின் அறைக்குப் போய், “அம்மா, குழாய்கிட்ட வால் ஒண்ணு வந்திருக்கு. வேலி போடவா, இல்ல அப்படியே விட்டுடவா?” என்று கேட்டார். தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நேரில் போய்ப் பார்த்தார். வால் ஒரு முறை ஆடியது. அவர் புது டீச்சர் பக்கம் திரும்பி, “தலை இருக்க வால் ஆடக்கூடாது. புரியுதா டீச்சர்?” என்றார். அவளைச் சொன்னாரா வாலைச் சொன்னாரா என்று தெரியவில்லை, இரண்டும் அடங்கின. அன்றைக்கே ‘வாலின் மேல் ஏறக் கூடாது’ என்று ஓர் அட்டை மாட்டப்பட்டது. ஏறக் கூடாது என்று எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாததால் ஒன்றாம் வகுப்பு மட்டும் ஏறியது. ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வாலுப் பசங்க படிக்கிற இடத்தில் வால் முளைக்காமல் கொம்பா முளைக்கும் என்று சிரித்துவிட்டு, அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

புது டீச்சருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாலை அவள் மறந்தே போனாள். அதைவிடப் பெரிய சங்கடங்கள் வகுப்புக்குள் இருந்தன. ஒருவன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் வகுப்பு மொத்தத்துக்கும் வந்துவிடும். போய்த் திரும்பிய பிறகு இடது காலில் வலது கால் செருப்பு. நேற்றுப் படித்த எழுத்தை இன்று முன்பின் பார்த்திராத மாதிரி பார்ப்பார்கள். ஒருத்தி கடிப்பாள். கடிபட்டவன் அழமாட்டான், பார்த்தவன் அழுவான். விசில், கோலி, பாதி தின்ற ரப்பர் என்று அவள் பிடுங்கி வைத்த சாமான்களால் மூலையிலிருந்த கண்ணாடி அலமாரி நிறைந்தது. சத்தம் போட்டுப் போட்டு மூன்றாவது வாரம் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. கிசுகிசுத்துப் பாடம் நடத்தினாள். பிள்ளைகளும் நாள் முழுக்கக் கிசுகிசுத்தார்கள். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வகுப்பு டீச்சருக்குத் தலைவலி வந்தது.

அவள் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அக்காவின் கணவர் பஸ் ஓட்டுபவர். இரண்டே அறை, அவளுடைய கட்டில் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் கிடக்கும். அதில் உட்கார்ந்து அட்டையில் யானை வெட்டிக்கொண்டே கத்தரிக்கோலோடு தூங்கிவிடுவாள். ஒருநாள் சாயங்காலம் யானையின் தும்பிக்கை தவறிப்போய் அறுந்ததும் கேவிக் கேவி அழுதாள்.

“நாளைக்குப் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுறேன்க்கா. எனக்கு இது வராது.”

“வராதா? சின்ன வயசுல பொம்மைங்களை வரிசையா உக்கார வச்சு ஊரே கேக்குற மாதிரி பாடம் எடுத்தவதானடி நீ?”

“பொம்மை ஒண்ணுக்குப் போகணும்னு கேக்காதுக்கா.”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்பைத் தணிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலையை விடுவதற்காகச் சீக்கிரமே கிளம்பிப் போனவளுக்கு வேலையை விடப் பள்ளிக்கூடம் இல்லை. வாசல் கதவும் கொடிக்கம்பமும் இருந்தன. கட்டடம் இருந்த இடத்தில் வெளுத்த தரை, அதில் பல வருடங்களாகத் தொலைந்த பென்சில்கள். பியூன் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ரெண்டு தெரு தள்ளி நிக்குது டீச்சர்” என்றார். அங்கே போய்ப் பார்த்தால் பென்சில் தின்னியின் வீட்டு முன்னால் பள்ளிக்கூடம் படுத்திருந்தது. வராந்தாவை அந்த வீட்டு வாசற்படி வரைக்கும் நீட்டி, ஒன்றாம் வகுப்பின் ஜன்னலால் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் பெயர் கூப்பிட்டபோது பென்சில் தின்னியின் முறைக்கு வகுப்பே சேர்ந்து, “வரல டீச்சர்!” என்று கத்தியதும், அப்போது சுவரெல்லாம் ஒரு தரம் சிலிர்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது. காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருந்த பென்சில் தின்னி பள்ளிக்கூடமே வந்திருப்பதைப் பார்த்ததும் போர்வையை உதறிக் குதித்தெழுந்தாள். ஒரே ஓட்டமாக ஓடிவந்து புது டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அம்மா” என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “டீச்சர்” என்றாள். பொய்க் காய்ச்சல்காரியைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள் புது டீச்சர். தொண்டை திறந்துகொண்டது, திட்டு வரவில்லை. பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். வேலையை விடப் போன விஷயம் அப்புறம் ஞாபகத்துக்கே வரவில்லை.

பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கொண்டுபோவதுதான் பெரும்பாடாகிவிட்டது. முன்னால் ஊர்ந்து வரத் தெரிந்ததே தவிரப் பின்னால் போகத் தெரியவில்லை. அக்காவின் கணவர் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, தெருமுனையில் நின்று, கையை ஆட்டி, “வரலாம், வரலாம்... வலது பக்கம் ஒடி... போதும் போதும்... நேரா வா... நில்லு!” என்று சொல்லி, யார் வீட்டுச் சுவரிலும் உரசாமல் ரிவர்ஸ் எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸைவிட இது சொன்ன பேச்சுக் கேட்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். பொழுது சாய்வதற்குள் கட்டடம் தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை வரவில்லையோ அந்தப் பிள்ளையின் தெருவில் காலையில் பள்ளிக்கூடம் நிற்கும். தபால்காரர் தபாலைக் கொடிக்கம்பத்தில் செருகாமல், எந்தத் தெருவில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துக்கொண்டு அங்கே போகப் பழகிவிட்டார். மட்டம் போடுவதில் ருசி இல்லாமல் போய்விட்டதால் கொஞ்ச நாளில் ஒன்றாம் வகுப்பு முழுவதும் ஒழுங்காக வர ஆரம்பித்தது, ஒருத்தியைத் தவிர.

அவள் பெயர் பட்டியலில் இருந்தது, ஆள் ஒருநாளும் வந்ததில்லை. அம்மா ஒரு குறுகலான சந்தில் இஸ்திரிக்கடை வைத்திருந்தாள். தொட்டிலில் ஒரு கைக்குழந்தை. அம்மாவுக்கு இரண்டு கையும் இஸ்திரிப் பெட்டியோடு சரி. தொட்டிலை ஆட்ட இந்தப் பெண்ணை விட்டால் நாதியில்லை. மற்ற பிள்ளைகள் ஒழுங்காக வர ஆரம்பித்ததும், இவள் பெயருக்கு எழுந்த “வரல டீச்சர்!” என்ற சத்தத்துக்குத் தினமும் பள்ளிக்கூடம் சிலிர்த்தது, தினமும் அந்தச் சந்து முனை வரைக்கும் போனது, உள்ளே நுழைய முடியாமல் திரும்பியது. மழைக்காலம் வந்தது. சுவர்கள் ஊறி இளகியிருந்த ஒரு விடிகாலை, அது தன்னைத் தட்டையாக்கிக்கொண்டு, வயிற்றை எக்கி, சந்துக்குள் நுழைந்தேவிட்டது. ஒன்றாம் வகுப்பின் ஜன்னல் இஸ்திரிக்கடை ஜன்னலோடு அச்சாகப் பொருந்தியது. இஸ்திரிக்காரம்மா சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, “வெளிச்சத்தை மறைக்குது டீச்சர்” என்றாள்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா. பாப்பாவுக்காகத்தான் வந்திருக்கு.”

இஸ்திரிக்காரம்மா மகளைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மடியில் சிலேட்டோடு ஜன்னல் வழியாகப் படித்தாள். பிள்ளைகள் அவளுக்கு ஜன்னல் என்றே பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் சந்துக்குப் போய், மாலையில் தன் இடத்துக்குத் திரும்பியது. ஜன்னலுக்குப் படிப்பு என்றால் அப்படி ஒரு பசி. மற்றவர்கள் ஒரு வாரம் மென்று தின்கிற பாடத்தை அவள் ஒரே வாயில் விழுங்கிவிடுவாள். ஒரு மதியம், இஸ்திரிக்குக் கட்டி வந்த செய்தித்தாளில் ‘மழை’ என்ற சொல்லைத் தானாகவே கூட்டிப் படித்துவிட்டு, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிப் புது டீச்சரின் விரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்தாள். புது டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. சம்பளம் வாங்கிய நாளில்கூட அவளுக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

வருடக் கடைசியில் கல்வி அதிகாரி வருவார் என்று தலைமையாசிரியை சொன்னார். ஒன்றாம் வகுப்பைச் சொல்வதை எழுதச் சொல்வார். முதல் பாடத்தின் முதல் வரியே ‘இது நம் பள்ளி’தான். சரியாக எழுதினால் புது டீச்சருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வகுப்போ முதல் நாள் பிடித்த பிடியை விடாமல் பல்லி, பல்லி என்றே எழுதிக்கொண்டிருந்தது. அவள் ளகரத்தை எடுத்துக்கொண்டாள். நாக்கை மடித்துக் காட்டி, ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் குனிந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளி, வெள்ளி, துள்ளி என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஒரு பிள்ளை திருந்தினால் பள்ளிக்கூடத்தின் வேகம் ஒரு மாற்றுக் குறைந்தது. வகுப்பில் பாதி சரியாக எழுதிய வாரம், அது சந்து முனைக்கே இரண்டாவது பாடவேளையில்தான் போய்ச் சேர்ந்தது. வாலிலும் வெதுவெதுப்புக் குறைந்திருந்தது.

எல்லாரும் கற்றுக்கொண்டால் பள்ளிக்கூடம் பழையபடி வெறும் கட்டடமாகிவிடும், ஜன்னல் பழையபடி தொட்டிலோடு போய்விடுவாள். இது தெரிந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. “ஒரு எழுத்துதானேம்மா, இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் அக்காவின் கணவர். “அப்ப இவ வேலை?” என்றாள் அக்கா. கடைசியில் புது டீச்சர் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். வகுப்பு முழுவதையும் திருத்துவது, ஜன்னலை மட்டும் பிழையிலேயே விட்டுவைப்பது. ஒரு பிள்ளையின் பிழையாவது மிச்சம் இருந்தால் பள்ளிக்கூடம் தவழ்ந்தாவது அங்கே போய்ச் சேரும். அதிகாரி ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பார்க்கமாட்டார். ஆகவே ளகரம் சொல்லும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி, கண்ணாடி அலமாரி இருந்த மூலையைப் பார்த்து நின்று நாக்கை மடித்தாள். ஜன்னலின் சிலேட்டில் இருந்த பல்லியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சரி போட்டாள். அப்படிச் சரி போட்ட ஒவ்வொரு முறையும் கை கூசியது. தெரிந்தே ஒரு பிள்ளைக்குத் தப்பைச் சரியென்று சொல்வதற்காகவா இந்த வேலைக்கு வந்தோம் என்று நினைத்து நினைத்து மருகினாள்.

அதிகாரி வந்தார். முகவரியில் இருந்த இடத்தில் கொடிக்கம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்துச் சந்துக்கு வந்து சேர்ந்தார். பக்கவாட்டில் திரும்பித்தான் அவரால் நுழைய முடிந்தது. “பள்ளிக்கூடம் இடம் மாறியிருக்கே?” என்று தலைமையாசிரியையிடம் கேட்டார்.

“இல்லீங்க சார். பள்ளிக்கூடம் அங்கேயேதான் இருக்கு. தெருதான் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு” என்றார் தலைமையாசிரியை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

அதிகாரி வகுப்புக்குள் வந்து, சொல்வதை எழுதச் சொன்னார். பென்சில் தின்னி பென்சிலை வாயிலிருந்து எடுத்து எழுதினாள். கடிக்கிறவள் எழுதினாள், கம்பியில் ஏறுகிறவன் இறங்கி வந்து எழுதினான். எல்லாச் சிலேட்டிலும் பெரிய ள சுழித்துக்கொண்டு நின்றது. புது டீச்சர் மூச்சை விடப் போன நேரம் அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். “அந்தப் பாப்பாவும் இந்த வகுப்புதானே? நீயும் எழுதும்மா.”

புது டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தப்பாக எழுதினால் தன் பிழைப்பு போச்சு, சரியாக எழுதினால் அவள் படிப்பு போச்சு. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றாள். ஜன்னல் கால் விரலில் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சிலேட்டைத் திருப்பிக் காட்டினாள். ‘இது நம் பள்ளி.’

கட்டடம் அடியிலிருந்து கூரை வரைக்கும் ஒரு முறை நடுங்கியது. கூரையிலிருந்து கொஞ்சம் தூசி கொட்டியது. பிறகு நின்றுவிட்டது. “பழைய கட்டடம் சார்” என்றார் தலைமையாசிரியை.

“யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?” என்று புது டீச்சர் கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் கேட்க வந்தது.

“நீங்கதான் டீச்சர். எனக்கு மட்டும் காட்டாம திரும்பித் திரும்பி நின்னீங்க. அலமாரிக் கண்ணாடியில உங்க நாக்கு நல்லாத் தெரிஞ்சுது.”

புது டீச்சர் அதிகாரி நிற்பதையும் பார்க்காமல் அழுதாள். வெட்கமும் பெருமையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த வகுப்பும் சேர்ந்து அழுதது. அதிகாரி, இந்த வகுப்பில் பாசம் அதிகம் என்று சொல்லிவிட்டு, வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் போனார்.

சாயங்காலம் அக்காவின் கணவர் வந்து எவ்வளவோ கையை ஆட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடம் அசையவில்லை. கடைசிப் பிள்ளையும் கற்றுக்கொண்டதால் அது நின்றுவிட்டது. ஆனால் நின்றது சந்துக்குள், ஜன்னலோடு ஜன்னல் பொருத்திக்கொண்டு. வால் மட்டும் அன்றைக்கே அறுந்து விழுந்து, கொஞ்ச நேரம் துள்ளிவிட்டு ஓய்ந்தது. இஸ்திரிக்காரம்மா அதன் மேல் துவைத்த துணிகளைக் காயப்போட்டாள். கடை வாசலைப் பள்ளிக்கூடம் அடைத்துக்கொண்டதால் துணி கொடுக்க வருகிறவர்கள் ஒன்றாம் வகுப்பு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, “உள்ளே வரலாமா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்படிப் போய்வந்தே இரண்டு மூன்று பெரியவர்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். தலைமையாசிரியை கொடிக்கம்பத்தைப் பெயர்த்துச் சந்து முனையில் நடச் சொன்னார்.

அடுத்த வருடம் பள்ளி திறந்தது. ஜன்னல் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்த தம்பி அவள் காலடியில் உட்கார்ந்து சாக்பீஸ் தின்றான். புது டீச்சரை இனிப் புது டீச்சர் என்று சொல்ல முடியாது, ஆனால் பழக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். புதிய ஒன்றாம் வகுப்பு அழுதது. ஒன்று கம்பியில் ஏறியது. அவள் பதறவில்லை. ‘இது நம் பள்ளி’ என்று நிதானமாக எழுதி, பெரிய ள சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டு, பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். பட்டியலின் நடுவில் ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். “வரல டீச்சர்!” என்று வகுப்பு கத்தியது. சுவர் சிலிர்க்கவில்லை.

வாசலில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார்.

“யாரு வரல?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடும்மா. பாலம் சுத்தி வரணுமாம். கூட்டிட்டு வர ஆள் இல்லையாம்.”

தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்தப் பெயரைப் பார்த்தார். முப்பது வருட வேலையில் ஓர் எழுத்துப் பிழைகூட விட்டதில்லை என்று பெயர் வாங்கியவர். உள்ளே வந்து, டஸ்டரை எடுத்து, பெரிய ள இருந்த இரண்டு இடத்தையும் துடைத்தார். புது டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, முத்து முத்தான கையெழுத்தில் சின்ன ல போட்டார்.

“வருஷக் கடைசியில திருத்திக்கலாம் டீச்சர். எழுதச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே போனார்.

பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். பியூன் இந்தத் தடவை யாரையும் எதுவும் கேட்கவில்லை. பின்சுவர்ப் பக்கம் போய், குழாயடியில் இருந்த வாளிகளை ஓரமாக எடுத்து வைத்தார்.